கடற்கரைச் சுவரில் ஊர்ச்சொல்: எல்லைத் துறைகளில் சுவரோவியம் வரைய ஒரு முழு வழிகாட்டி

பொழியூர் கடற்கரையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம் முடிந்து நீரோடி வந்துவிடும். பஸ் போர்டும் ரேஷன் கடைப் பலகையும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறும். வலை பொத்துகிறவர்களின் (கிழிந்த வலையைச் சரிசெய்கிறவர்களின்) பேச்சு மட்டும் அப்படியே இருக்கும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக் கோட்டுக்கு வடக்கே உள்ள துறைகளில், அதாவது மீனவ ஊர்களில், தமிழ் இன்று சிறுபான்மை மொழி. பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், பாட்டி தமிழில் ஜெபம் சொல்கிறாள், அப்பா கடலில் பேசுவது இரண்டு பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒன்று.

அந்த மூன்றாவது பேச்சையும், அது பிறந்த கடல் தொழிலையும் ஒரு சுவரில் ஏற்றுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். மூன்று சுவர்களில் என் கை பட்டிருக்கிறது. முதலாவது ஒரே மழைக்காலத்தில் உரிந்து விழுந்தது. இரண்டாவது நிற்கிறது, ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது, கடலுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்து இன்றும் சிரிக்கிறார்கள். மூன்றாவதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதுவரை கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் சொல்லைச் சேருங்கள், படம் அப்புறம். நாங்கள் முதல் இரண்டு சுவர்களில் படத்தை வரைந்துவிட்டுச் சொல்லுக்கு இடம் தேடினோம். கிடைத்த சந்துகளில் பாடப்புத்தகத் தமிழைச் சொருகினோம். படமும் பொய்யாகப் போயிற்று, எழுத்தும் பொய்யாகப் போயிற்று.

எந்த மாதத்தில் எது

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைத் தடை. சிறு வள்ளங்களுக்குத் தடை இல்லையென்றாலும் கடல் கொந்தளிக்கும் நாட்களில் பலரும் கரையில்தான் இருப்பார்கள். சொல் சேர்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. மழை, கட்டன் சாயா, பேச்சு.

ஆகஸ்ட், செப்டம்பரில் அனுமதிக் கடிதங்களும் வரைபடமும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை வரும், சுவரைத் தொடவே வேண்டாம். எங்கே ஈரம் கசிகிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். டிசம்பர் நடுவில் சுவரைக் கழுவத் தொடங்கி, ஜனவரி, பிப்ரவரியில் வரைந்து முடிக்கலாம். மார்ச்சுக்கு மேல் மேற்குப் பார்த்த சுவர் தோசைக்கல்லாகக் காயும், வர்ணம் பிரஷிலேயே இறுகும். நடுவில் ஊர்த் திருவிழா வந்தால் அதற்கு முந்தின வாரம் வேலை வேண்டாம். சாரக் கம்பு முழுக்கப் பந்தலுக்குப் போய்விடும்.

சொல் சேர்ப்பது

இதற்குத்தான் அதிக நாள் ஆகும், ஆகட்டும்.

நேராகப் போய் "உங்கள் பாரம்பரியச் சொற்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும்: வெட்கம், மௌனம், டிவியில் கேட்ட தமிழ். வலை பொத்தும் இடத்தில் போய் உட்காருங்கள். ஃபோனில் பதிவு போடுவதாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிறகு பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, இது எதற்கு, இதை எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பெயர் தானாக வந்து விழும்.

இரண்டாவது சுவரில் நான் அழகாக "நீரோட்டம்" என்று எழுதி, பக்கத்தில் நீல அலைக்கோடுகள் இழுத்திருந்தேன். அந்த வழியாக வந்த ஒரு பாட்டா நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "லே மக்கா, நீரோட்டம் ஆத்துல ஓடுறது. கடல்ல ஓடுறது நீவாடு." வடக்கேயிருந்து வந்தால் வாநீவாடு, தெற்கேயிருந்து வந்தால் சோநீவாடு என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வாடையின் 'வா', சோழகத்தின் 'சோ'. காற்றின் பெயரிலிருந்து நீரின் பெயர் பிறந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்படி ஒரு சொல் கிடைத்தால், அதற்கு மேல் அந்தச் சுவரில் அலைக்கோடு தேவையே இல்லை.

எந்தெந்த விஷயத்தில் தேடலாம் என்றால்: காற்று (வாடை, கொண்டல், கச்சான்), ஆழம் (இரு கை விரித்த நீளமான பாகத்தில் கணக்கு), கடலடிப் பாறை (பாரு), திசை (ஆழ்கடல் பக்கம் 'வெலங்க', இந்தப் பக்கம் கரை), வலை (கரமடி, தட்டுமடி), மீன். மீன் பெயர்கள் நல்ல வேட்டை. வடகேரளத்தில் மத்தி என்பது இங்கே சாளை. சென்னைக்காரர் வஞ்சிரம் என்பதை நாங்கள் நெய்மீன் என்போம். சூரை, வாளை, கிளாத்தி, நெத்தோலி, காரல் என்று பிள்ளைகளே அடுக்குவார்கள், அவர்களுக்குச் சாப்பாட்டு வழியாகத் தெரியும். ஆனால் மீனில் ஆரம்பித்தால் சுவர் முழுக்க மீனாகிவிடும், கொஞ்சம் கவனம்.

பெண்களிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். கரையில் ஏலம் எடுத்து, தலையில் சுமந்து, வீடு வீடாக விற்றவர்களின் சொல் வேறு. ஓலையில் முடைந்த கடவம் என்ற கூடை, பங்கு வைக்கும் முறை, கடனுக்குக் கொடுத்ததை நினைவில் வைக்கும் கணக்கு. இவை எந்தக் கட்டுமரப் படத்திலும் வராது. பொதுவாகவே கடல் மரபு என்றால் ஆண், பாய், அலை என்று வரைந்துவிட்டுப் போகிறார்கள். கரைக்கு வந்த மீனைப் பணமாக்கியது யார் என்று ஒரு சுவரும் சொல்வதில்லை.

சேர்த்த சொல்லைச் சோதிக்க எங்களுக்கு ஒரு விதி இருந்தது: உறவு இல்லாத மூன்று வீடுகளில் ஒரே பொருளைக் காட்டிக் கேட்டு, மூன்றிலும் வந்தால்தான் சுவருக்குப் போகும். உச்சரிப்பு வித்தியாசம் வந்தால் சண்டையும் வரும். கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிக்கும் வித்தையைச் சிலர் கணியம் என்கிறார்கள், சிலர் கணிச்சம் என்கிறார்கள். எது சரி? இரண்டுமே சரிதான், இரண்டையும் எழுதுங்கள். நீவாடுக்கு 'நீர்வாட்டு' என்பதுதான் மூலச்சொல்லாக இருக்கும் என்று ஒரு படித்த தம்பி வந்து திருத்தச் சொன்னான். அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். சுவரில் சொல் எப்படிச் சொல்லப்படுகிறதோ அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஒரு சுவருக்குப் பன்னிரண்டு சொல் போதும். நாங்கள் எழுபதுக்கு மேல் சேர்த்தோம். மீதி நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது, அடுத்த சுவருக்கு.

எதை எழுதக் கூடாது

கணியம் என்றால் என்ன என்று படமாகக் காட்டலாம். பின்னால் மலை, முன்னால் கோயில் கோபுரமோ ஒற்றைப் பனையோ. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்தால் ஒரு கோடு. வேறு பக்கம் இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில், கீழே, பாரு. ஜிபிஎஸ் வருவதற்கு முன் நடுக்கடலில் ஒரு வீட்டுப் பரப்பளவு உள்ள பாறையைத் தேடிப் பிடித்தது இப்படித்தான். படமாக இது அருமையாக வரும். ஆனால் உண்மையான ஜோடிகளை வரையாதீர்கள். எந்த மலை முகட்டோடு எந்தக் கோபுரம் என்பது ஒரு குடும்பம் தலைமுறையாகக் காத்த சொத்து. உங்களை நம்பி ஒருவர் சொல்லியிருக்கலாம். கற்பனை மலை, கற்பனைக் கோபுரம் போடுங்கள், தத்துவம் புரிந்தால் போதும்.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இந்தக் கரை முழுக்க ஆட்களை இழந்தது. அதைச் சுவரில் கொண்டுவரும் ஆசை யாருக்கும் வரும். பெயர் எழுதுவதாக இருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு வீடு வேண்டாம் என்றால் முழுப் பட்டியலையும் விட்டுவிடுங்கள். நாங்கள் பெயரும் எழுதவில்லை, புயலும் வரையவில்லை. கரையில் ஏற்றி வைத்த ஒரு வள்ளத்தை, ஆள் இல்லாமல், மற்றதைவிட ஒரு நிறம் மங்கலாக வரைந்தோம். தெரிந்தவர்களுக்குத் தெரிகிறது.

புனிதர், சாமி படமும் வேண்டாம். ஒரு மதத்தின் உருவம் ஏறியதும் சுவர் அந்த மதத்தின் சுவராகிவிடும், அடுத்த ஜமாஅத்துக்காரரோ கோயில்காரரோ சொல் கொண்டுவர மாட்டார். வரலாறாக வேண்டுமானால் ஒரு வரி எழுதலாம். 1544 இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரை வழியே வந்தபோது கொண்டுவந்தது தமிழில் பெயர்த்த ஜெபங்கள். ஒரே மாதத்தில் 10,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதினார். இங்கே தமிழ் ஜெபத்தின் வயது அதிலிருந்து கணக்குப் போட்டால் வரும்.

சுவரும் அனுமதியும்

நல்ல சுவர் எது? ஆட்கள் தினமும் நின்று பேசும் இடத்தில் இருப்பது. வலைக்கூடம், ஐஸ் பிளான்ட் மதில், பள்ளிச் சுற்றுச்சுவர், பஸ் நிறுத்தம். சுற்றுலாக்காரர் படம் எடுக்கும் இடமாகப் பார்த்துத் தேடாதீர்கள், அந்தச் சுவர் உங்கள் ஊருக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும்.

சுவர்க்காரரிடம் எழுத்தில் சம்மதம். இத்தனை வருடம் வெள்ளை அடிக்க மாட்டேன் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். அடுத்து உள்ளாட்சி. பொழியூர் பக்கம் குளத்தூர் கிராமப் பஞ்சாயத்து, நீரோடிப் பக்கம் கொல்லங்கோடு நகராட்சி. நெடுஞ்சாலையைப் பார்த்த சுவர் என்றால் கேரளப் பக்கம் பொதுப்பணித்துறையிடமும் தமிழ்நாட்டுப் பக்கம் நெடுஞ்சாலைத் துறையிடமும் ஒரு வார்த்தை. கருங்கல் கடலரண்மேல் வரையலாமா என்று பலர் கேட்கிறார்கள்: வேண்டாம், ஒரு சீற்றத்தில் கல்லே இடம் மாறும்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் மேல் பிரஷ் வைக்கவே கூடாது. விழிஞ்ஞத்துக் குடைவரைக் கோயில் அப்படி ஒன்று. அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டவும் முடியாது. ஓவியத்துக்குப் பதிலாகச் சிற்பமோ மேடையோ கட்ட நினைத்தால் அஸ்திவாரம் தோண்ட வேண்டும், அப்போது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். ஏற்கனவே நிற்கும் சுவர்மேல் வர்ணம் என்றால் அந்தத் தலைவலி இல்லை. கையில் காசு குறைந்த ஊருக்குச் சுவரோவியம்தான் பொருத்தம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனுவை எந்த மொழியில் எழுதுவது? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைநகரில் உள்ள அரசுக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே தர வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். உரிமை உரிமைதான். ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே, பஞ்சாயத்துக்கு நான் மலையாளத்தில் எழுதித் தமிழ்ப் பிரதியைப் பின்னால் கோத்துக் கொடுத்தேன். இரண்டிலும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

படம் என்ன, எப்படி

இந்தக் கரையில் கடலைப் பற்றிய பொது நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. குளச்சலில் 1741 போர் வெற்றித் தூண் நிற்கிறது, திருவிதாங்கூர் மன்னர் டச்சுக்காரரை வென்றதைச் சொல்ல. சங்குமுகத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் சாகரகன்யகை என்ற கடற்கன்னி கான்கிரீட்டில் சாய்ந்து படுத்திருக்கிறாள், அவளுக்கு வார்த்தை தேவையில்லை. எனக்குப் பிடித்தது உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை, அந்தப் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்தவர். 1777-ல் இறந்தவருக்கு லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு. திருவிதாங்கூர் ராணுவத்தில் இருந்த அந்நியருக்குத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். அதே ராஜ்யத்தின் வள்ளக்காரருக்கு ஒரு வரி எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மொழி விஷயத்தில் எங்கள் முடிவு இதுதான். கேரளப் பக்கம் உள்ள சுவரில் மலையாள எழுத்தும் வேண்டும், தமிழுக்குச் சமமான உயரத்தில். ஆனால் மொழிபெயர்ப்பு வேண்டாம். 'நீவாடு' என்று தமிழில் எழுதிவிட்டுப் பக்கத்தில் மலையாளப் பாடச்சொல்லைப் போட்டால், முதலாவது அகராதிப் பதிவாகச் சுருங்கிவிடும். அதே 'நீவாடு' இரண்டு எழுத்திலும் நிற்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பேரன் தன் தாத்தாவின் சொல்லை மலையாள எழுத்தில் வாசிப்பான். இதைச் செய்த அன்று, 'இது மலையாளம்தானே' என்று ஒருவரும் 'இது தமிழ்தானே' என்று ஒருவரும் சுவருக்கு முன்னால் வாதாடினார்கள். சுவர் வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பழைய எழுத்துருவும் சேர்க்க ஆசை இருந்தால் வட்டெழுத்து இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். 849-ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. கடல் கடந்து வந்த வணிகர்கள் அதில் கூஃபி (அரபு), பஹ்லவி (பாரசீகம்), ஹீப்ரு எழுத்துகளில் கையொப்பம் போட்டிருக்கிறார்கள். அதே கொல்லத்தில்தான் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' என்ற ஜெபப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று, இந்திய மண்ணில் தமிழ் அச்சின் தொடக்கம் அது. கேரளத்துத் துறைமுகத்தில் தமிழ் அச்சு என்பதை ஓர் ஓரத்தில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெரிதாகப் போட்டுவிடாதீர்கள், மூலையில் ஓர் அடிச் சதுரம் போதும்.

இனி உருவம். நாற்பதடி நீளம், ஒன்பதடி உயரம் உள்ள சுவரில் முப்பது உருவம் வரைந்தால் எதுவும் தெரியாது. நாங்கள் நான்கு வைத்தோம்: கட்டுமரம், கணியக் கோடுகள், கடவம் சுமக்கும் பெண், ஃபைபர் வள்ளம். பழையதை மட்டும் வரைந்தால் இப்போது கடலுக்குப் போகிறவன் தன்னைச் சுவரில் காண மாட்டான். தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் கொச்சியைத் தளமாக வைத்து அரபிக்கடலின் ஆழத்தில் சுறா வேட்டைக்குப் போகிறார்கள். அதுவும் கடல் மரபுதான், இன்ஜின் இருந்தால் என்ன?

கட்டுமரத்தைச் சரியாக வரையுங்கள். அதில் ஆணி கிடையாது. லேசான மரங்களைச் செதுக்கி, அடுக்கி, கயிற்றால் கட்டுவதால்தான் அந்தப் பெயர். முதல் சுவரில் நான் பலகை பலகையாகக் கோடு போட்டு, ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஆணியும் வைத்தேன். "இது கட்டுமரமா, கட்டிலா?" என்று கேட்டார் ஒரு மாமா. அடுத்த சுவரில் அவரையே அழைத்து வந்து, கயிறு எங்கே நுழைந்து எங்கே திரும்பி இறுகுகிறது என்று செய்துகாட்டச் சொன்னோம். அந்தக் கயிற்று முடிச்சை மட்டும் தனியாக, நிஜ அளவில், ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் வரைந்தோம். இன்றைக்கு அதிகம் அழுக்கான இடம் அதுதான், எல்லோரும் விரலால் கயிற்றைத் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

இரண்டாவது சுவரின் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பாய் ஒரு பக்கம் பொம்மியிருக்கிறது, மேலே கொடி எதிர்ப்பக்கம் பறக்கிறது. "ஒன் கடல்ல காத்து ரெண்டா மக்கா?" வர்ணம் அடிக்கும் முன் வரைபடத்தைக் கடலுக்குப் போகும் ஐந்து பேரிடம் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. ஓவியரிடம் காட்டுவது அப்புறம்.

எழுத்து

பத்தடி தூரத்திலிருந்து வாசிக்க ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுகிறவர்கள் சொல்லும் கணக்கு. தமிழுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். ண, ழ, ணை போன்றவற்றின் சுழிகளுக்குள் வர்ணம் ஒழுகி அடைத்தால் தூரத்திலிருந்து எல்லாம் ஒரே உருண்டை. சாலைக்கு எதிர்ப்புறம் முப்பதடி என்றால் எழுத்து ஆறங்குலத்துக்குக் குறையக் கூடாது. கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறில் ஒன்று இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது.

கணினியில் பெரிதாக அச்செடுத்து, பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்புறத்தில் ஒட்டி வெட்டினால் நல்ல அச்சுத்தகடு (ஸ்டென்சில்). பிழை பார்க்க இரண்டு பேர், அதில் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவராக இருக்கட்டும். வேகமாக வாசிக்கிறவர் கண் பிழையைத் தாண்டி ஓடிவிடும். வயதானவர்கள் பழைய ஜெபப் புத்தகத்தில் பார்த்த, துதிக்கை வைத்த 'லை', 'ணை' கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது போன வடிவம். ஒரே ஒரு சொல்லில் அதை வைத்தோம், பாட்டிகளுக்காக.

சுவரைத் தயார் செய்தல்

முதல் சுவர் உரிந்தது இங்கே அவசரப்பட்டதால். கடற்கரைச் சுவருக்குள் உப்பு இருக்கும். ஈரம் ஏறும்போது கரைந்து, காயும்போது மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அதன்மேல் எவ்வளவு விலையுள்ள எமல்ஷன் அடித்தாலும், உப்பு அதைப் பின்னாலிருந்து தள்ளி எறியும்.

முதலில் சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது, கொத்தி எடுத்துப் பூச வேண்டும். பூசுகிற கொத்தனாரிடம் ஆற்று மணலோ எம்-சாண்டோ என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கடல் மணல் கலந்தால் உப்புக்கு முடிவே இல்லை. புதுப் பூச்சு 28 நாள் ஆற வேண்டும்.

பூத்த உப்பைக் காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷால் தேய்த்து உதறுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். (பட்டறையில் உப்புத்தாள் என்று கேட்டு வாங்கி உப்பையே தேய்ப்பது ஒரு வேடிக்கை.) பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மூன்று முறை ஆனது. கரைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள், குழாய்த் தண்ணீருக்கு யாரையாவது கெஞ்சுங்கள்.

ஈரம் போய்விட்டதா என்று தெரிய ஒரு சோதனை: ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டு உரியுங்கள். உள்ளே துளி துளியாக நீர் நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். சுவரின் அடிப்பகுதி, தரையிலிருந்து ஒன்றரை அடி, எப்போதும் ஈரம் இழுக்கும். அங்கே படம் எதையும் வைக்காமல் வெறும் மணல் நிறம் அடித்துவிட்டோம். உரிந்தால் ரோலரால் ஒரு இழுப்பு.

பட்டி பார்ப்பதாக இருந்தால் வெளிச்சுவருக்கான வெள்ளைச் சிமென்ட் பட்டி மட்டும். அதன்மேல் காரத்தைத் தாங்கும் வெளிப்புற பிரைமர் ஒரு கோட், பிறகு வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட். 360 சதுர அடிக்கு பிரைமர் சுமார் 4 லிட்டர், வெள்ளை 7 லிட்டர் வந்தது.

வர்ணம்

வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் போதும். எண்ணெய் எனாமல் பளபளக்கும், ஆனால் ஈரம் வெளியேற விடாமல் கொப்புளிக்கும். வெயிலில் முதலில் வெளுப்பது பளிச்சென்ற சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும். காவிச் சிவப்பு, மண் மஞ்சள், கறுப்பு ஆகியவை நிலைக்கும், இவை மண்ணிலிருந்தும் கரியிலிருந்தும் வருபவை. பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடத்துச் சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள்: காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். (அந்த அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரள அரசு. எங்கள் ஊர்க் கதைதான்.) அந்த மரபில் சுண்ணாம்பை இளநீரில் கலந்து இருபத்தைந்து முப்பது முறை பூசிச் சுவர் தயார் செய்வார்கள். கடல் காற்று நேராக அறையும் மதிலில் அது தாங்காது, நிறத்தேர்வை மட்டும் கடன் வாங்குங்கள்.

வரையும் நாட்கள்

காகிதத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுவரில் ஓர் அடி. கொத்தனார் போல் நீலப்பொடி தடவிய நூல் அடித்துச் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால், வரையத் தெரியாத பிள்ளைகள்கூட ஆளுக்கு ஒரு கட்டம் நகல் எடுப்பார்கள். முகமும் எழுத்தும் மட்டும் கை தேர்ந்தவரிடம்.

காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கடல்காற்று எழும், மணலும் உப்பும் ஈர வர்ணத்தில் ஒட்டும். பனி விழுந்த காலைகளில் சுவரைத் துணியால் துடைத்து, அரைமணி நேரம் பொறுத்துப் பிறகு. ஒரு கோட் வர்ணத்துக்கும் அடுத்த கோட் வர்ணத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம். சாரம் உறுதியாக இருக்கிறதா என்பதைத் தினமும் பெரியவர் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும், பிள்ளைகள் தரையில் நின்று எட்டும் உயரத்தோடு சரி.

வரையும் நாட்களில் கேள்வி கேட்டுக்கொண்டே ஒரு கூட்டம் நிற்கும். விரட்டாதீர்கள். எங்களுடைய பன்னிரண்டு சொல்லில் இரண்டு அந்தக் கூட்டத்தில் மாறியவை.

முடிந்த பிறகு

மேலே பளபளப்பு வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம், மஞ்சளாகி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதற்குப் பதில் ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் இறுக மூடி, நிறத்தின் எண்ணை டப்பாவில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஆகஸ்டில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, விட்டுப்போன இடங்களைத் தொட்டுவிடலாம். இதை யார் செய்வது என்று பெயர் போட்டு எழுதி வைக்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

சேர்த்த குரல் பதிவுகளைப் பள்ளியிலும் நூலகத்திலும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள். சுவரில் கியூஆர் குறியீடு ஒட்டுவதாக இருந்தால் பேப்பரில் வேண்டாம், சின்ன டைல் ஓட்டில் அச்சிட்டுப் பதியுங்கள்.

அப்புறம் வந்து சேரும் சொல்லுக்காக வலது ஓரத்தில் இரண்டடி அகலம் வெள்ளையாகவே விடுங்கள். மூன்றாவது சுவரில் அப்படி விட்டபோது காசு தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். திறப்பு முடிந்த மறுவாரம், மீன் விற்றுத் திரும்பிய ஓர் அக்கா கடவத்தை இறக்கிவைத்துவிட்டுச் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "சும்மாடு எங்க?" என்றார். தலையில் கடவத்துக்கு அடியில் சுருட்டி வைக்கும் துணி. படத்தில் கடவத்தை நேராகத் தலைமேல் வைத்துவிட்டிருந்தோம். டப்பாவில் காவி மிச்சம் இருந்தது. மறுநாள் காலை ஆறரைக்குத் திரும்பச் சாரம் கட்டினோம்.